வியாசர்பாடி மதி விருந்தாளியாகப் போன கதை

மதி அடுத்தவர் வீட்டில் உட்கார மாட்டாள். கூப்பிடாதவர்கள் வீட்டில் யார்தான் உட்காருவார்கள்? இவள் கையைப் பிடித்து இழுக்கிறவர்கள் வீட்டிலும் உட்கார மாட்டாள். மணலி கன்டெய்னர் யார்டில் அவளோடு பதினாறு வருஷமாக வேலை பார்க்கிற தங்கபுஷ்பம் மாத்தூரில் சொந்த வீடு கட்டிக் குடிபோனபோது, மொத்த ஆபீசும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டது. மதி மட்டும் பரிசுப் பொட்டலத்தைக் கேட்டிலேயே நீட்டிவிட்டு, "வயிறு சரியில்ல புஷ்பா, இன்னொரு நாளு வரேன்" என்று வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டாள். அந்த இன்னொரு நாள் எட்டு வருஷமாக வரவில்லை.

"ஏட்டி, நா என்ன வெசத்தையா வச்சிருவேன்?" என்று தங்கபுஷ்பம் ஒருமுறை கேட்டேவிட்டாள். திருநெல்வேலிக்காரி, மனசில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. மதி சிரித்து மழுப்பினாள்.

தங்கபுஷ்பம் மேல் எந்தக் குறையும் இல்லை என்று மதிக்குத் தெரியும். தொண்ணூற்றொன்பது பங்கு தெரியும். மிச்சம் ஒரு பங்கைச் சோதித்துப் பார்க்கிற தைரியம்தான் இல்லை.

அந்த ஒரு பங்கு ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தது. டோல்கேட் பக்கம் ஒரு தோழியின் வீடு. பெயர் வேண்டாம், அந்தப் பெண் ஒரு பாவமும் அறியாதவள். இரண்டு பேரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். தோழியின் அம்மா தட்டில் கேசரி கொண்டுவந்து வைத்தாள். "எங்கம்மா வீடு?" என்று கேட்டாள். "வியாசர்பாடி" என்றாள் மதி. "ஓ" என்றாள் அந்த அம்மாள், நன்றாகச் சிரித்துக்கொண்டுதான். மதி கிளம்பித் தெருமுனை வரைக்கும் போனபிறகு ஜாமெட்ரி பாக்ஸை விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பி ஓடினாள். கதவு திறந்திருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் அந்த அம்மாள் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். திட்டிக்கொண்டே கழுவியிருந்தால்கூட மதி தாங்கியிருப்பாள். அந்த அம்மாள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, சாயங்கால வேலையில் இதுவும் ஒன்று என்பதுபோலக் கழுவினாள்.

மதி பாக்ஸை எடுக்காமல் வந்துவிட்டாள். தொலைந்துபோனது என்று வீட்டில் சொன்னாள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவள் அப்பா நீலமேகம் மறுபேச்சில்லாமல் புதுசு வாங்கித் தந்தார். புத்தர் படத்துக்குக் கீழே நின்றுகொண்டு, "யார் முன்னாடியும் தலைகுனிஞ்சு நிக்காத" என்று மகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த மனுஷன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது? அம்மாவிடமும் சொல்லவில்லை. பிற்பாடு கட்டிக்கொண்ட சித்தார்த்திடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து தான் போன பிறகு ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம். அதனால் உட்காருவதில்லை. வாசலோடு கிளம்பினால் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

மற்றபடி மதி பயந்தவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யார்டில் அவள் பார்ப்பது சர்வேயர் வேலை. கப்பலிலிருந்து வந்த பெட்டிகளில் நெளிசலும் துருவும் ஓட்டையும் கண்டுபிடித்து எழுத வேண்டும். காலிப் பெட்டிக்குள் தனியாகப் போய் நின்று, கதவை வெளியிலிருந்து சாத்தச் சொல்லி, அந்தக் கும்மிருட்டில் எங்கேயாவது வெளிச்சம் ஒழுகுகிறதா என்று பார்ப்பாள். ஊசி முனை அளவு ஓட்டையும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சித்திரை மாசத்தில் அந்தப் பெட்டிக்குள் இரண்டு நிமிஷம் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அவள் தைரியம் தெரியும்.

அப்படி ஒரு ஓட்டை வழியாகத்தான் துருக்கி உள்ளே வந்தது. மெர்சின் என்கிற துருக்கித் துறைமுகத்திலிருந்து வந்த ஒரு பெட்டி கசகசா நனைந்துபோயிருந்தது. அனுப்பினவர்கள் ஒழுங்காகப் பெட்டி பார்க்கவில்லை என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் சுலபம், ஆபீசிலும் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். மதி உள்ளே போய்ப் பார்த்தாள். ஓட்டையின் விளிம்பில் துருவே இல்லை, பளபளவென்று இருந்தது. "இது இங்க இறக்கசொல்ல ஆன ஓட்டை. நான் மாத்தி எழுத மாட்டேன்" என்று சொல்லி, உள்ளதை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒரு வாரம் கழித்து மெயில் வந்தது. டியர் மிஸ்டர் மதி, உங்கள் உண்மைக்கு நன்றி, என் வேலை பிழைத்தது என்று எழுதி, கீழே செவிம் என்று பெயர். மெர்சினில் அந்தப் பெட்டிக்குக் காகிதம் தயார் செய்த பெண். நான் மிஸ்டர் இல்லை, மிஸஸ் என்று மதி பதில் போட்டாள். அங்கிருந்து ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. அப்புறம் போன் நம்பர், அங்கிருந்து பூனைப் படம், இங்கிருந்து மகள் மகிழினியின் பிறந்தநாள் படம், இப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. ஒருநாள் செவிம் கேட்டாள்: என் வீட்டுக்கு எப்போது வருகிறாய்?

மதி வழக்கம்போல வயிறு சரியில்லை என்று எழுதப் போனாள். கடல் தாண்டி அழைக்கிறவளிடம் அந்தப் பொய் எடுபடாது என்று அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் ஒன்று உறைத்தது. செவிம் ஒருமுறை அவளுடைய விலாசத்தைக் கேட்டு வாங்கி, வியாசர்பாடி என்பதைத் தட்டுத்தடுமாறி நாலு தடவை சொல்லிப் பார்த்து, பாட்டு மாதிரி இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அந்தப் பெயரைக் கேட்டு முகம் மாறாத ஒரு ஊர். அங்கே உட்கார்ந்து பார்த்தால் என்ன? ஒரே ஒரு தடவை, ஒருத்தர் வீட்டில் முழு விருந்தாளியாக இருந்துவிட்டு வந்தால் போதும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"இன்னா மதி, துருக்கியா?" என்றான் சித்தார்த். "மாத்தூர்ல ஒரு வூட்டுக்குள்ள போவ மாட்ட நீ. அத்தினி தூரம் போய் ஒருத்தர் வூட்ல ஒம்போது நாளு தங்குவியா?"

"தங்குவேன். நீயும் வா."

"எனக்கு எவன் லீவு தரான்? நீ போய்ட்டு வா. எனக்கு கருவாட்டுக் கொழம்பு வைக்கத் தெரியும்."

இரண்டு விமானம் மாறி மதி மெர்சின் போய்ச் சேர்ந்தாள். செவிமுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் கப்பல் காகிதத்தில் இருக்கிற இங்கிலீஷ். சாப்பாட்டு மேஜையில் ரொட்டியை நீட்டி, "கைண்ட்லி கன்ஃபர்ம் ஒன் மோர்" என்பாள். மிச்சப் பேச்சுக்குப் போனில் ஒரு ஆப். முதல் நாள் மதி அதனிடம், "சாப்பாடு சூப்பரா கீது" என்று சொன்னாள். செவிம் திரையைப் படித்துப் பார்த்துவிட்டு, "கீதா யார்?" என்று கேட்டாள். மெட்ராஸ் பாஷை அந்த ஆப்புக்கு ஏறவில்லை. அதன் பிறகு மதி பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் முன்னால் எழுந்து நின்று ஒப்பிக்கிற மாதிரி பேசக் கற்றுக்கொண்டாள்.

ஆப் இல்லாமலும் சில வார்த்தைகள் ஓடின. செவிம் அவளைத் தோஸ்து என்று அக்கம்பக்கத்தில் அறிமுகம் செய்தபோது மதி துள்ளிவிட்டாள். அவர்களுக்கும் அது தோஸ்துதான். சாப்பாடு தயாரானால், "ஹாஸர்!" என்று செவிம் சமையலறையிலிருந்து கத்துவாள். கோர்ட்டில் கூப்பிடுகிற ஆஜர் என்று நினைத்து மதி ஓடிப்போய் நிற்பாள். அக்காவுக்கு அப்லா. செவிம் ஐந்து வயசு மூத்தவள் என்பதால் மதியும் அப்லா என்றே கூப்பிட்டாள்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சர்வேயர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அந்த வீட்டில் அவள் ஓட்டை தேடினாள். வாசலில் செருப்பைக் கழற்றியதும் செவிம் வீட்டுக்குள் போட்டுக்கொள்ள ஒரு ஜோடிச் செருப்பு தந்தாள். இதை நாளைக்கு வேறு யார் போடுவார்கள் என்று மதி பார்த்துவைத்தாள். மறுநாள் காலை செவிமே அதைப் போட்டுக்கொண்டு பால்கனிக்குத் துணி காயவைக்கப் போனாள். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாசில் டீ வந்தது. விளிம்பில் லேசாக உடைந்த கிளாஸ் ஒன்று மதிக்கு வந்தபோது, சரி, இதுதான் என் கிளாஸ் போல என்று மனசுக்குள் குறித்துக்கொண்டாள். சாயங்காலம் மாடியில் குடியிருக்கும் செவிமின் தம்பி ஓர்ஹான் அதே கிளாசில் உறிஞ்சிக் குடித்தான். அவன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், கடோத்கஜன் மாதிரி ஆள்.

மூன்றாம் நாள், கொண்டுபோயிருந்த நெத்திலிக் கருவாட்டைத் தொக்கு வைத்தாள். வாசனை மாடிப்படி ஏறியது. தடதடவென்று ஓர்ஹான் இறங்கி வந்தான். மதி அவசரமாகச் சட்டியை மூடப் போனாள். அவன் சட்டியை எட்டிப் பார்த்து, ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் வர, "இன்னும்" என்று சைகை காட்டினான். சட்டி காலி. கசாப்புக் கடையில் மாட்டுக்கறி வாங்கும்போது அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஊரில் ஆபீசில் டிபன் பாக்ஸை மூடியால் மறைத்துக்கொண்டு திறந்து பழகினவளுக்கு அது எவ்வளவு பெரிய சுகம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் அவள் தேடுவதை விட்டுவிட்டாள். சோபாவில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கேயே தூங்கியும் போனாள். எழுந்தபோது யாரோ போர்த்திவிட்டிருந்தார்கள். அந்தப் போர்வைக்குள் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் அழுதாள், சந்தோஷத்தில்தான்.

பத்தாம் நாள் காலை கிளம்பினாள். செவிம் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள், இரண்டு பேருக்கும் மூக்கு சிவந்துவிட்டது. ஓர்ஹான் பெட்டியை வேனில் ஏற்றினான். மதி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்தது. எந்த வீட்டையும் திரும்பிப் பார்க்காதவள், இந்த வீட்டைப் பார்க்கலாம் என்று நம்பி, கையாட்டுவதற்காகத் திரும்பினாள்.

செவிம் பெரிய ஜக்கு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, மதி நின்றிருந்த இடத்தில், வேன் நின்றிருந்த இடத்தில், கடைசிச் சொட்டு வரைக்கும் வீசி ஊற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு வேறு.

மதிக்கு உயிரே போய்விட்டது. யார் சொன்னார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். யார் சொல்லியிருக்க முடியும்? இந்த ஊரில் யாருக்கும் ஒன்றும் தெரியாதே. தெரியாதவர்களே கழுவுகிறார்கள் என்றால் அது ஊரில் இல்லை, விலாசத்தில் இல்லை, தன் மேலேயேதான் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் அவள் அப்படி நினைத்ததில்லை. அந்த அம்மாளைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறாள், தன்னைச் சொல்லிக்கொண்டதே இல்லை. நீலமேகம் மகளை அப்படி வளர்க்கவில்லை. அன்றைக்கு மெர்சின் தெருவில், ஓடுகிற வேனில், அப்பா கொடுத்த அந்த ஒன்றும் கையை விட்டுப் போயிற்று.

கிளம்பும்போது செவிம் கழுத்தில் கட்டிவிட்ட பூப்போட்ட துணியை அவிழ்த்தாள். நாலாக மடித்து வேனின் முன்பலகையில் வைத்தாள். ஓர்ஹான் அதைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போனை நீட்டினான். "உடல்நலம் சரியில்லையா?" என்று கேட்டது ஆப், ரேடியோ செய்தி வாசிக்கிற குரலில்.

"இன்னாத்துக்குத் தண்ணி ஊத்துனாங்க?" என்றாள் மதி.

ஆப் விழித்தது. மீண்டும் சொல்லுங்கள் என்றது. அவள் வாத்தியார் முன்னால் நிற்கிற மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். "நான் கிளம்பிய பிறகு, நான் நின்ற இடத்தில், உங்கள் அக்கா எதற்காகத் தண்ணீர் ஊற்றினார்கள்?"

ஓர்ஹான் படித்தான். இதையா கேட்கிறாய் என்கிற மாதிரி அவன் புருவம் ஏறியது. போனில் என்னவோ சொன்னான். ஆப் வாசித்தது. "தண்ணீரைப் போலச் சிரமமின்றிப் போங்கள், தண்ணீரைப் போலத் திரும்பி வாருங்கள். மீண்டும் வர வேண்டியவர்களுக்குப் பின்னால் மட்டுமே ஊற்றுவோம்."

"இன்னொரு வாட்டி" என்றாள் மதி. ஆப் வாசித்தது. இன்னொரு வாட்டி என்றாள். மூன்றாவது தடவை கேட்டு முடித்ததும், ஸ்டியரிங்கைக் காட்டி வண்டியைத் திருப்பு என்று கையால் சுற்றிக் காட்டினாள். விமானத்துக்கு நாலு மணி நேரம் இருந்தது.

வேன் திரும்பி வருவதைப் பார்த்து செவிம் பதறிப்போய் ஓடிவந்தாள். "பாஸ்போர்ட்? பாஸ்போர்ட்?" மதி அதில்லை என்று தலையாட்டினாள். தெரு இன்னும் காயவில்லை. அந்த ஈரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஓர்ஹான் போனைப் பிடித்திருக்க, மதி சொல்ல ஆரம்பித்தாள்.

அப்பா அம்மாவிடம் சொல்லாததை, கட்டினவனிடம் சொல்லாததை, பெற்ற மகளிடம் சொல்லாததை அவள் சொன்னது பாடப்புத்தகத் தமிழில். "எனக்கு அப்போது பதினொரு வயது. நான் என் தோழியின் இல்லத்திற்குச் சென்றேன்." அழுகையில் பேச்சு வூடு, கழுவிகினு என்று நழுவும்போதெல்லாம் ஆப் நின்றுவிடும். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கழுவிக்கொண்டிருந்தார்கள்" என்று திருத்திச் சொல்வாள். கேசரியைச் சொன்னாள், வாளியைச் சொன்னாள், முணுமுணுத்த பாட்டையும் சொன்னாள். சில சாதிகளில் பிறந்தவர்களை அப்படி நடத்துகிற வழக்கம் எங்கள் நாட்டில் உண்டு, நான் அப்படி ஒரு தெருவிலிருந்து வருகிறேன் என்றாள். "இன்று நீங்களும் என்னைக் கழுவிவிட்டீர்கள் என்று நினைத்தேன்."

செவிம் திரையைப் படித்தாள். முடித்து, மறுபடியும் மேலிருந்து படித்தாள். அவள் முகம் வெளுத்து, அப்புறம் கழுத்திலிருந்து ரத்தம் ஏறிச் சிவந்தது. போனைத் தம்பி கையிலிருந்து பிடுங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு நாலு வார்த்தை சொன்னாள். ஆப் அதே மரியாதையான குரலில் வாசித்தது.

"அந்தப் பெண்மணியின் தொலைபேசி எண்ணைக் கொடுங்கள்."

மதிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள், அடக்க முடியவில்லை. அந்த அம்மாள் இறந்து பல வருஷமாகிறது என்று எப்படியோ சொல்லி முடித்தாள். செவிம் அதற்கும் சமாதானமாகவில்லை, கையை ஆட்டி ஆட்டித் துருக்கி பாஷையில் திட்டினாள். ஆப்பை யாரும் கேட்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. தனக்காக ஒருத்தி இப்படிக் கோபப்பட்டு மதி பார்த்ததே இல்லை. பார்த்திருக்கலாம், சொல்லியிருந்தால். சித்தார்த் கோபப்பட்டிருப்பான். தங்கபுஷ்பம் இதைவிடப் பெரிய வசவாக வைத்திருப்பாள். யாருக்கும் அவள் இடமே கொடுக்கவில்லையே.

ஓர்ஹான் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். செவிம் உள்ளே போய் ஜக்கை நிரப்பிக்கொண்டு வந்தாள். வாசல்படியில் நின்றவள் ஜக்கையும் மதியையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் ஜக்கைக் கீழே வைத்துவிட்டுப் போனில் மெதுவாகப் பேசினாள்.

"இது எங்கள் வழக்கம். உனக்கு வலிக்கும் என்றால் நான் ஊற்ற மாட்டேன். நீ சொல்."

வேண்டாம் என்றால் செவிம் தப்பாக நினைக்க மாட்டாள். இன்னொரு முத்தம் வைத்து அனுப்பிவிடுவாள். ஆனால் வேண்டாம் என்று சொன்னால் இந்தத் தண்ணீரையும் அந்த டோல்கேட் அம்மாளுக்கே விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். எவ்வளவைத்தான் அவளுக்கு விட்டுக்கொடுப்பது?

மதி வேனுக்குள் ஏறவில்லை. படிக்கு எதிரே வந்து நின்றாள். போனை ஒதுக்கிவிட்டு, தன் இரண்டு கண்களையும் தொட்டு, ஜக்கைக் காட்டினாள்.

"ஊத்து அப்லா. ஆனா நான் பாத்துகினு கீறப்போ ஊத்து."

செவிம் குனிந்து ஜக்கை எடுத்தாள். மதியைப் பார்த்துக்கொண்டே சாய்த்தாள். தண்ணீர் தெருவில் விரிந்து ஓடி மதியின் செருப்பு வரைக்கும் வந்தது. அவள் காலை எடுக்கவில்லை.